லினக்ஸ் கர்னலுக்குள் முதல் யூனிட் டெஸ்ட்: தனி த்ரெட்டில் பத்திரமாக ஓட்டும் வழி

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தம்) எழுதுகிறவர்கள் டெஸ்ட் எழுதத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. சாதாரண புரோகிராமில் டெஸ்ட் தவறினால் அந்த புராசஸ் செத்துப்போகும், அவ்வளவுதான். அது திறந்து வைத்த ஃபைல், பிடித்து வைத்த மெமரி எல்லாவற்றையும் கர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். டெஸ்ட் கர்னலுக்குள்ளேயே ஓடினால்? திரும்ப வாங்கிக்கொள்ள அதற்கு மேலே யாரும் இல்லை. ஒரு தப்பான பாயின்டர் போதும், மெஷினே நின்றுவிடலாம்.

இதற்காகவே கர்னலுக்குள் கேயூனிட் என்ற சட்டகம் இருக்கிறது. கூகுளில் இருந்த பிரெண்டன் ஹிக்கின்ஸ் தொடங்கிய வேலை இது. 2020 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.5இல் சேர்ந்தது. ஜேயூனிட், கூகுள்டெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகள் பழகியவர்களுக்கு எழுதும் பாணி உடனே பிடிபடும். இதில் முக்கியமான ஏற்பாடு, ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கென ஒரு கர்னல் த்ரெட்டில், அதாவது கர்னலுக்குள் தனியாக நடக்கும் ஓர் ஓட்டத்தில் ஓடுவது. டெஸ்ட் பாதியில் விழுந்தால் அந்த த்ரெட் மட்டும் முடியும், அடுத்த டெஸ்ட் தொடரும்.

ஆனால் அந்தத் தனி த்ரெட் காப்பாற்றுவது ஓட்டத்தை மட்டும்தான். செத்த த்ரெட் பிடித்திருந்த லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் பூட்டு), அது கிளப்பிவிட்ட வேறு த்ரெட், அது நேரடியாக வாங்கிய மெமரி எதுவும் தானாக விடுபடாது. புதியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அதனால் மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

படி 1: ஆபத்தில்லாத இடம்

தினசரி வேலை செய்யும் லேப்டாப்பின் கர்னலில் புது டெஸ்ட்டை ஏற்றாதீர்கள். அதற்கு அவசியமே இல்லை. கேயூனிட் வழக்கமாக யூசர் மோட் லினக்ஸில் ஓடும். சுருக்கமாக யூஎம்எல் என்பார்கள். முழு கர்னலையும் உங்கள் மெஷினில் ஒரு சாதாரண புராசஸாக ஓட்டும் வசதி அது. உள்ளே கர்னல் கவிழ்ந்தால் வெளியே ஒரு புராசஸ் முடிகிறது. உங்கள் பிரவுசர் அப்படியே இருக்கும்.

தேவையானவை: கர்னல் சோர்ஸ், ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், பைத்தான் 3. கிட்டில் டெப்த் 1 என்று கொடுத்து க்ளோன் செய்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது. டேட்டாவும் நேரமும் மிச்சம். சோர்ஸின் மேல்மட்ட ஃபோல்டரில் நின்றுகொண்டு, டூல்ஸ் ஃபோல்டருக்குள் டெஸ்டிங், அதற்குள் கேயூனிட் என்று போனால் கிடைக்கும் பைத்தான் ஸ்கிரிப்டை 'ரன்' என்ற சொல்லோடு ஓட்டுங்கள். அது கான்ஃபிக் (கர்னலில் எதெல்லாம் சேரவேண்டும் என்ற பட்டியல்) தயாரித்து, கர்னலை பில்ட் செய்து, பூட் செய்து, முடிவுகளைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். முதல் பில்ட் மட்டும் நேரம் எடுக்கும். அப்புறம் மாறிய ஃபைல்கள்தான் பில்ட் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே அதே ஃபோல்டரில் வேறு ஆர்கிடெக்சருக்கு பில்ட் செய்திருந்தால், சோர்ஸ் ட்ரீ சுத்தமாக இல்லை, எம்ஆர்புராப்பர் ஓட்டுங்கள் என்று ஸ்கிரிப்ட் சொல்லும். பழைய பில்ட் மிச்சங்களைத் துடைக்கும் மேக் கட்டளை அது; உங்கள் பழைய கான்ஃபிக் ஃபைலையும் சேர்த்து அழித்துவிடும். பார்த்துப் பார்த்துச் செட் செய்த கான்ஃபிக் இருந்தால் முதலில் அதை வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். டெஸ்ட்டுக்கென்று தனி ட்ரீ வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

படி 2: சின்னதாக ஒரு டெஸ்ட்

பேச்சுக்கு ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு இடம் உள்ள ஒரு ரிங் பஃபர் இருக்கிறது. 'புட்' என்றால் உள்ளே ஒன்று போகும், 'கெட்' என்றால் பழையது வெளியே வரும். நிறைந்திருக்கும்போது 'புட்' செய்தால் இடமில்லை என்ற பிழைக்குறி திரும்ப வரவேண்டும். எண்ணிக்கையைப் பாதுகாக்க உள்ளே மியூடெக்ஸ் என்ற வகை லாக் ஒன்று இருக்கிறது.

டெஸ்ட் ஃபைலை டிரைவர் ஃபோல்டருக்குள் டெஸ்ட்ஸ் என்ற துணை ஃபோல்டரில் வையுங்கள்; பெயர் கேயூனிட் என்று முடிவது கர்னலில் இப்போதைய வழக்கம். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஃபங்ஷன். அது கேயூனிட் ஸ்ட்ரக்ட்டின் பாயின்டர் ஒன்றை மட்டும் வாங்கும், எதையும் திருப்பித் தராது. எட்டு முறை 'புட்' செய்து ஒவ்வொன்றும் 0 தருகிறதா என்று பாருங்கள். ஒன்பதாவது முறை பிழைக்குறி வருகிறதா என்று பாருங்கள். அந்த ஃபங்ஷன்களை ஒரு பட்டியலில் அடுக்கி, அந்தப் பட்டியலை ஒரு 'சூட்'டில் (டெஸ்ட்களின் தொகுப்பில்) வைத்து, கேயூனிட் டெஸ்ட் சூட் என்ற மேக்ரோவால் பதிவு செய்தால் வேலை முடிந்தது. பில்ட் அமைப்புகளைச் சொல்லும் கேகான்ஃபிக்கிலும் மேக்ஃபைலிலும் ஒரு சில வரிகள் சேர்க்கவேண்டும். லிப் ஃபோல்டருக்குள் கேயூனிட் ஃபோல்டரில் இருக்கும் மாதிரி டெஸ்ட்டைப் பார்த்து அதே அமைப்பைப் பின்பற்றுங்கள். அதைவிடத் தெளிவான பாடம் வேறு இல்லை.

எழுதியதும் முதலில் வேண்டுமென்றே அதைத் தவற வையுங்கள். ஒன்பதாவது 'புட்' 0 தரவேண்டும் என்று மாற்றி எழுதி ஓட்டுங்கள். சிவப்பு வருகிறதா? வந்தால் அந்த டெஸ்ட் உண்மையாகவே ஓடுகிறது என்று பொருள். கான்ஃபிக்கில் ஒரு வரி விட்டுப்போனால் டெஸ்ட் பில்டிலேயே சேராமல், மற்றதெல்லாம் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையை நம்பி ஏமாறவேண்டாம்.

படி 3: உள்ளே என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். லிப், கேயூனிட் ஃபோல்டரில் ட்ரை-கேட்ச் என்ற சின்ன ஃபைல் இருக்கிறது. ஒரே உட்காரலில் படித்துவிடலாம். சி மொழியில் எக்ஸெப்ஷன் கிடையாது. அதற்கு ஈடாக ஒரு த்ரெட்டையே பயன்படுத்துகிறது அந்த ஃபைல்.

நடப்பது இதுதான். டெஸ்ட் தொடங்கும்போது கேயூனிட் ஒரு புது கர்னல் த்ரெட்டை உருவாக்குகிறது. அதை எழுப்பிவிட்டு, தான் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கும் ஒரு கெடு உண்டு, வழக்கமாக 300 நொடி. புது த்ரெட், டெஸ்ட்டுக்கு முன் ஆயத்தம் செய்யும் உங்கள் இனிட் ஃபங்ஷனையும், அடுத்து டெஸ்ட் ஃபங்ஷனையும் கூப்பிடும்.

இதன்பின் நான்கில் ஒன்று நடக்கும். டெஸ்ட் ஒழுங்காக முடிந்து ஃபங்ஷன் திரும்பலாம். அஸெர்ட் (இது உண்மையாக இருந்தே ஆகவேண்டும் என்ற சோதனை வரி) தவறலாம், அப்போது அந்த த்ரெட் அதே இடத்தில் தன்னை முடித்துக்கொள்ளும், அடுத்த வரி ஓடாது. மோசமான பாயின்டரைத் தொட்டு த்ரெட் ஊப்ஸ் (கர்னலுக்குள் நேரும் பெரிய பிழை) ஆகலாம். கர்னல் அந்த த்ரெட்டைக் கொல்லும், கேயூனிட் 'ட்ரை ஃபால்ட்டட்' என்று எழுதி, கடைசியாகப் பார்த்த எக்ஸ்பெக்ட் அல்லது அஸெர்ட் எந்த ஃபைலில் எந்த வரி என்பதையும் காட்டும். அல்லது 300 நொடி தாண்டியும் முடியாமல் 'ட்ரை டைம்ட் அவுட்' வரலாம்.

எக்ஸ்பெக்ட், அஸெர்ட் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. எக்ஸ்பெக்ட் தவறினால் தோல்வி என்று குறித்துவிட்டு டெஸ்ட் அடுத்த வரிக்குப் போகும். அஸெர்ட் தவறினால் த்ரெட்டே போய்விடும். ஆகவே, அடுத்த வரிகள் எதை நம்பி இருக்கின்றனவோ அதற்கு மட்டும் அஸெர்ட் போடுங்கள்: மெமரி கிடைத்ததா, பாயின்டர் 'நல்' (எதையும் காட்டாத காலி மதிப்பு) இல்லையா போன்றவை. வெறும் மதிப்பு ஒப்பீட்டுக்கு எக்ஸ்பெக்ட் போதும். ஒரே ஓட்டத்தில் எல்லாத் தோல்விகளும் கண்ணில் படும்.

டெஸ்ட் எப்படி முடிந்தாலும் சரி, அப்புறம் கேயூனிட் இன்னொரு த்ரெட்டை உருவாக்குகிறது. சூட்டின் எக்ஸிட் ஃபங்ஷனும், கேயூனிட் வழியாக வாங்கிய பொருள்களை விடுவிக்கும் வேலையும் அந்த இரண்டாவது த்ரெட்டில் நடக்கின்றன. துப்புரவிலும் ஒரு அஸெர்ட் தவறலாம், ஊப்ஸ் வரலாம். அதனால்தான் அதற்கும் தனி த்ரெட். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடங்களில் தேவைப்படும்.

படி 4: கையில் எதுவும் இல்லாதபோது மட்டும் அஸெர்ட்

ரிங் பஃபருக்கே திரும்புவோம். ஒருவர் இப்படி ஒரு டெஸ்ட் எழுதுகிறார் என்று வையுங்கள்: மியூடெக்ஸைப் பிடிக்கிறார், ரிங்கின் உள் எண்ணிக்கையை நேரடியாகப் பார்க்கிறார், அது எட்டு என்று அஸெர்ட் போடுகிறார், மியூடெக்ஸை விடுகிறார். பார்க்க ஒழுங்கான நிரல். எண்ணிக்கை எட்டாக இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது.

ஒருநாள் யாரோ டிரைவரை மாற்றுகிறார்கள், எண்ணிக்கை ஏழு வருகிறது. அஸெர்ட் தவறுகிறது, த்ரெட் அங்கேயே முடிகிறது. மியூடெக்ஸை விடும் வரி ஓடவே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் ஊரைவிட்டே போய்விட்ட கதைதான். கேயூனிட் அந்த டெஸ்ட்டுக்குத் தோல்வி என்று எழுதிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறது. அடுத்த டெஸ்ட் 'புட்' கூப்பிடுகிறது, 'புட்' மியூடெக்ஸைக் கேட்கிறது, கிடைக்காமல் தூங்கப்போகிறது. 300 நொடிக் கெடு முடிகிறது. செய்திப் பதிவைப் பார்க்கிறவருக்கு இரண்டாவது டெஸ்ட்தான் குற்றவாளியாகத் தெரியும். அதில் ஒரு தப்பும் இல்லை.

கதை அதோடு முடிவதும் இல்லை. கெடு தாண்டியதும் கேயூனிட் அந்த த்ரெட்டை நிறுத்தச் சொல்லிக் கேத்ரெட் ஸ்டாப் கூப்பிடுகிறது. பெயரைப் பார்த்து அது த்ரெட்டைக் கொன்றுவிடும் என்று நினைக்கக்கூடாது. 'நீ நிற்கவேண்டும்' என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டு, த்ரெட் தானாக முடியும்வரை அதுவும் காத்திருக்கும். மியூடெக்ஸுக்காகத் தூங்கும் த்ரெட் அந்தக் கொடியைப் பார்க்கப்போவதில்லை. ஆக ஓட்டம் முழுவதும் நின்றுவிடும். கடைசியில் வெளியே இருந்து பைத்தான் ஸ்கிரிப்ட்தான் தன் சொந்தக் கெடு முடிந்ததும் யூஎம்எல் புராசஸை நிறுத்தும். அந்தக் கெடுவும் வழக்கமாக 300 நொடிதான், ஆனால் அது எல்லா டெஸ்ட்களுக்கும் சேர்த்து.

தீர்வு எளிது. லாக்கைப் பிடியுங்கள், மதிப்பை ஒரு லோக்கல் வேரியபிளில் காப்பி எடுங்கள், லாக்கை விடுங்கள், அதன்பிறகு அந்த வேரியபிளை ஒப்பிடுங்கள். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். நான் மற்றவர்களின் டெஸ்ட்டைப் பார்க்கும்போது முதலில் தேடுவது இதைத்தான்: லாக் பிடித்த வரிக்கும் விட்ட வரிக்கும் நடுவே அஸெர்ட் என்ற சொல் இருக்கிறதா?

தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக் வகையாக இருந்தால் எக்ஸ்பெக்ட்டும் நடுவே வரக்கூடாது. எக்ஸ்பெக்ட் தவறும்போது செய்தி எழுதுவதற்காகக் கேயூனிட் மெமரி வாங்கும். அப்படி வாங்கும் இடத்தில் தூங்க நேரிடலாம். ஸ்பின்லாக் பிடித்தபடி தூங்கக்கூடாது என்பது கர்னலின் அடிப்படை விதி. டெஸ்ட் பாஸாகும்வரை மெமரி வாங்கும் பேச்சே வராது, ஆகவே இந்தக் குறை ஒளிந்தே இருக்கும். என்றைக்கு உண்மையான பக் வருகிறதோ அன்றைக்கு அதோடு சேர்ந்து 'தூங்கக்கூடாத இடத்தில் தூங்கினாய்' என்ற இன்னொரு செய்தியும் வந்து குழப்பும்.

'எக்ஸிட் ஃபங்ஷனில் அன்லாக் செய்தால் ஆகாதா?' என்று கேட்கத் தோன்றும். ஆகாது. மியூடெக்ஸை யார் பிடித்தாரோ அவர்தான் விடவேண்டும். எக்ஸிட் ஓடுவது வேறு த்ரெட் என்று மேலே பார்த்தோமே. மியூடெக்ஸ் டீபக் கான்ஃபிக் போட்டிருந்தால் கர்னல் அதைச் சுட்டிக்காட்டிக் கத்தும். போடாவிட்டால் சத்தமில்லாமல் தப்பு நடக்கும்.

படி 5: ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிய பொருள்

மேலே சொன்ன விபத்தில் முதல் டெஸ்ட்டின் நோய் இரண்டாவதற்குத் தொற்றியது ஏன்? இரண்டும் ஒரே குளோபல் ரிங்கைத் தொட்டதால். இனிட் ஃபங்ஷனில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரிங் உருவாக்கி, கேயூனிட் ஸ்ட்ரக்ட்டின் பிரைவ் என்ற இடத்தில் அதன் பாயின்டரை வையுங்கள். ஒரு டெஸ்ட் தன் ரிங்கைப் பூட்டியபடி செத்தாலும் அடுத்ததற்குக் கிடைப்பது வேறு ரிங்.

மெமரியை வழக்கமான கேஇசட்அலாக் மூலம் வாங்காமல் கேயூனிட் கேஇசட்அலாக் மூலம் வாங்குங்கள். டெஸ்ட் எங்கே செத்தாலும் துப்புரவு த்ரெட் அதை விடுவிக்கும். மெமரி அல்லாத பொருள்களுக்கு, அதாவது பதிவு செய்த டிவைஸ், ஓடவிட்ட டைமர் போன்றவற்றுக்கு, கேயூனிட் ஆட் ஆக்ஷன் இருக்கிறது: 'டெஸ்ட் முடிந்ததும் இந்த ஃபங்ஷனை இந்தப் பாயின்டரோடு கூப்பிடு' என்று சொல்லி வைப்பது. இதன் 'ஆர் ரீசெட்' வடிவத்தையே நான் விரும்புவேன். சொல்லி வைக்கும் வேலையே தோற்றால், அது அந்த ஃபங்ஷனை உடனே கூப்பிட்டுவிடும். பொருளை வாங்கிய அடுத்த வரியிலேயே ஆக்ஷனைப் பதியுங்கள். நடுவே ஒரு அஸெர்ட் நுழைந்தாலும் ஓட்டை விழுந்துவிடும்.

பதிந்தவை தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியாகப் பதிந்தது முதலில். இது தற்செயல் அல்ல, அடுத்த படியில் இதைத்தான் நம்பப்போகிறோம். எக்ஸிட் ஃபங்ஷன் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும் என்பதால், கேயூனிட் விடுவிக்கவிருக்கும் பொருளை எக்ஸிட்டிலும் விடுவித்து இரட்டை வேலை பார்க்காதீர்கள். இனிட் பாதியில் தோற்றாலும் எக்ஸிட் கூப்பிடப்படும். ஆகவே பிரைவ் 'நல்' ஆக, அதாவது காலியாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தே எக்ஸிட்டை எழுதுங்கள்.

படி 6: டெஸ்ட்டுக்குள் இன்னொரு த்ரெட்

லாக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே த்ரெட் போதாது. ஒருவர் 'புட்' செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 'கெட்' செய்யவேண்டும். அதாவது டெஸ்ட் த்ரெட் தானே ஒரு துணை த்ரெட்டைக் கிளப்பவேண்டும்.

முதல் விதி: துணை த்ரெட்டுக்குள் அஸெர்ட் கூடவே கூடாது. அஸெர்ட் தவறினால் முடிவது அதைக் கூப்பிட்ட த்ரெட்தான். துணை த்ரெட் போய்ச்சேரும். டெஸ்ட் த்ரெட் எதுவும் தெரியாமல் தொடரும். வொர்க்க்யூவில் (கர்னலின் பின்னணி வேலைகளின் வரிசையில்) ஓடும் வேலைக்குள் அஸெர்ட் வைத்தால் இன்னும் மோசம். அங்கே முடிவது கர்னல் முழுவதற்கும் பொதுவான ஒரு வொர்க்கர் த்ரெட். துணை த்ரெட் தான் கண்டதை ஒரு ஸ்ட்ரக்ட்டில் எழுதி வைக்கட்டும். வேலை முடிந்ததும் கம்ப்ளீஷன் ('முடிந்தது' என்று அறிவிக்கும் கர்னல் வசதி) மூலம் சொல்லட்டும். ஒப்பீடு எல்லாம் டெஸ்ட் த்ரெட்டில் நடக்கட்டும்.

அந்தக் கம்ப்ளீஷனுக்குக் காத்திருக்கும்போது கெடு வைத்த வடிவத்தையே பயன்படுத்துங்கள். நூறு 'புட்'டுக்கு இரண்டு நொடியே தாராளம். கேயூனிட்டின் 300 நொடியை நம்பி உட்காருவதைவிட, 'துணை த்ரெட் இரண்டு நொடியில் முடிக்கவில்லை' என்று உங்கள் டெஸ்ட்டே சொல்வது படிக்கிறவருக்கு உதவும்.

இரண்டாவது விதி வரிசை பற்றியது. முதலில் ரிங்குக்கு மெமரி வாங்குங்கள். அப்புறம் துணை த்ரெட்டைக் கிளப்புங்கள். உடனே, அதை நிறுத்தும் ஆக்ஷனைப் பதியுங்கள். இப்போது நடுவில் எங்கே அஸெர்ட் தவறினாலும், தலைகீழ் வரிசையில் முதலில் துணை த்ரெட் நிற்கும், பிறகு ரிங்கின் மெமரி விடுபடும். வரிசையை மாற்றினால் ரிங் போன பிறகும் துணை த்ரெட் அதில் எழுதிக்கொண்டிருக்கும். அந்த மெமரி அதற்குள் வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கும். பிழை வெடிப்பது எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில்.

கேத்ரெட் ஸ்டாப் கூப்பிடும்போது அந்த த்ரெட் உயிரோடு இருக்கவேண்டும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். துணை த்ரெட் தன் வேலையை முடித்துவிட்டு முன்னதாகவே திரும்பிப் போய்விட்டால், கையில் இருக்கும் பாயின்டர் செல்லாமல் போகலாம். இரண்டு வழி உண்டு. வேலை முடிந்ததும் திரும்பாமல் 'நிற்கவேண்டுமா' என்ற கொடியைப் பார்த்தபடி தூங்கிக் காத்திருக்கச் செய்யலாம். அல்லது தொடக்கத்திலேயே அந்த டாஸ்க் ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ் எடுத்து வைக்கலாம். புதியவர்களுக்கு முதல் வழியே எளிது. துணை த்ரெட்டில் எந்த லூப் எழுதினாலும் அந்தக் கொடியை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கவேண்டும். பார்க்காத லூப்பை யாராலும் நிறுத்த முடியாது.

இன்னொன்று. 'இப்போது எந்த டெஸ்ட் ஓடுகிறது' என்ற விவரத்தைக் கேயூனிட் அந்தந்த த்ரெட்டின் விவரங்கள் இருக்கும் டாஸ்க் ஸ்ட்ரக்ட்டில்தான் வைக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குப் பதிலாகப் போலி ஃபங்ஷன் ஒன்றை வைக்க உதவும் ஸ்டாட்டிக் ஸ்டப் வசதியும் இதையே நம்பியிருக்கிறது. ஆகவே டெஸ்ட் த்ரெட்டில் போலி ஃபங்ஷன் ஓடும்போது, துணை த்ரெட்டிலும் வொர்க்க்யூவிலும் அசல் ஃபங்ஷனே ஓடும். அசல் ஃபங்ஷன் ஹார்ட்வேர் ரெஜிஸ்டரைத் தொடுவது என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

யூசர்ஸ்பேஸ் மெமரியை (சாதாரண புரோகிராம்களின் மெமரியை) தொடும் நிரலை டெஸ்ட் செய்யப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கர்னல் த்ரெட்டுக்கு யூசர் அட்ரஸ் ஸ்பேஸ் கிடையாது. காப்பி ஃப்ரம் யூசர் போன்றவற்றை அப்படியே கூப்பிட்டால் தோற்கும். 2024இல் இதற்கெனச் சேர்ந்த கேயூனிட் விஎம் எம்மேப் உதவிக்கு இருக்கிறது. தற்காலிகமாக ஒரு அட்ரஸ் ஸ்பேஸை ஒட்டித் தரும்.

படி 7: கண்டுபிடிக்கும் கருவிகளோடு ஓட்டுவது

யூஎம்எல்லில் எல்லாம் பச்சை ஆனதும், அதே ஸ்கிரிப்டை ஆர்க் ஆப்ஷனில் எக்ஸ்86_64 கொடுத்து ஓட்டுங்கள். இப்போது கியூஇஎம்யூ மெய்நிகர் மெஷினில் கர்னல் பூட் ஆகும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, சிபியூ எண்ணிக்கை. யூஎம்எல்லில் டெஸ்ட் வழக்கமாக ஒரே சிபியூவில் ஓடுவதால், இரண்டு த்ரெட் நிஜமாகவே ஒரே கணத்தில் ரிங்கைத் தொடும் நிலைமை வராது. கியூஇஎம்யூ ஆர்க்ஸ் ஆப்ஷனில் எஸ்எம்பி 8 என்று கொடுத்தால் எட்டு சிபியூ கிடைக்கும். லாக் மறந்துபோன நிரல் இங்கேதான் மாட்டும்.

இரண்டாவது, ஊப்ஸ். யூஎம்எல்லில் நல் பாயின்டரைத் தொட்டால் முழு கர்னலும் விழும், மிச்ச டெஸ்ட்கள் ஓடாது. எக்ஸ்86இல் அந்த த்ரெட் மட்டும் சாகும், 'ட்ரை ஃபால்ட்டட்' வரும், ஓட்டம் தொடரும். ஊப்ஸ் வந்தால் பேனிக் ஆகு (முழு கர்னலும் நின்றுவிடு) என்ற கான்ஃபிக் மட்டும் அணைந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, லாக் தப்புகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப். ப்ரூவ் லாக்கிங் கான்ஃபிக்கைச் சேர்த்து ஓட்டினால், ஒரு த்ரெட் லாக்கைப் பிடித்தபடியே முடியும் கணத்தில் 'இன்னும் லாக் பிடித்திருக்கிறது' என்று கர்னல் எழுதும், கூடவே த்ரெட்டின் பெயரும் வரும். லினக்ஸில் த்ரெட் பெயர் 15 எழுத்தோடு வெட்டுப்படும் என்பதால், கேயூனிட்டின் டெஸ்ட் த்ரெட் செய்திப் பதிவில் 'கேயூனிட்_ட்ரை_கேட்ச்' என்று தெரியும். நான்காவது படியில் பார்த்த விபத்து இங்கே 300 நொடி காத்திருக்காமல், உண்மையான குற்றவாளியின் பெயரோடு பிடிபடும். மெமரி தப்புகளைக் கண்டுபிடிக்கும் கேஏசானையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விடுவித்த மெமரியைத் தொட்டால் அது அகப்படும்.

அப்படியும் ஒரு டெஸ்ட் தனியாக ஓடும்போது பாஸாகி, கூட்டத்தோடு ஓடும்போது தவறினால், ரன் ஐசோலேட்டட் ஆப்ஷனில் 'டெஸ்ட்' என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கர்னல் புதிதாக பூட் ஆகும். நேரம் எடுக்கும்தான். ஆனால் தனித்தனியாக எல்லாம் பச்சை, சேர்த்து ஓட்டினால் சிவப்பு என்றால், முன்னால் ஓடிய ஏதோ ஒன்று எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று உறுதியாகிவிடும். அப்புறம் சிவப்பான டெஸ்ட்டைத் துருவாமல், அதற்கு முன்னால் ஓடியவற்றில் அஸெர்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

படி 8: நிஜ ஹார்ட்வேரில்

சில டிரைவர்களை நிஜ போர்டில்தான் பார்க்க முடியும். அப்போது டெஸ்ட்டை மாட்யூலாக (ஓடும் கர்னலில் ஏற்றக்கூடிய துண்டாக) பில்ட் செய்து ஏற்றலாம். ஏற்றிய உடனே ஓடிவிடும். முடிவு கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வரும். கர்னல் தன் உள்விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் கேயூனிட் ஃபோல்டருக்குள், சூட்டின் பெயரில் உள்ள ஃபோல்டரில் ரிசல்ட்ஸ் என்ற ஃபைலிலும் இருக்கும்.

இதற்கு இழந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய போர்டை மட்டும் பயன்படுத்துங்கள். தனி த்ரெட் இருந்தாலும், டெஸ்ட் எழுதுவது அதே கர்னல் மெமரியில்தான். த்ரெட்டுக்கும் மற்ற கர்னலுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. ஒரு தப்பான பாயின்டர் ஃபைல் சிஸ்டத்தின் பஃபரில் எழுதிவிட்டால் அதை எந்த ட்ரை-கேட்ச்சும் திருப்பி எடுக்காது. பலர் உபயோகிக்கும் சர்வரில் கேயூனிட்டை ஆன் செய்து வைக்கவே வேண்டாம்.

டெஸ்ட் ஒருமுறை ஓடிவிட்டால் கர்னல் தனக்குத்தானே ஒரு டெய்ன்ட் குறி (இனி இது வழக்கமான நிலையில் இல்லை என்ற அடையாளம்) போட்டுக்கொள்ளும். கேயூனிட்டுக்கு உரியது 'என்' எழுத்து. நடுவில் ஊப்ஸ் வந்திருந்தால் 'டி'யும் சேர்ந்திருக்கும். இந்தக் குறிகள் ரீபூட் செய்தால்தான் போகும். அதே போர்டில் வேறு ஒரு பக்கைத் துரத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் ரீபூட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.